பிரிண்டில் திரும்பி நின்றவர்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் நெடுந்தாழை ஊர் முதன்முதலாகத் தன் பிடரியைத் தானே பார்த்தது.

வருஷா வருஷம் பூஜையன்று அமிலக் கம்பெனி கேட்டின் முன்னால் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலம் வாங்கிய கையோடு, தொழிலாளிகள் வரிசை கட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நாற்காலியில் அதிகாரிகள், தரையில் சம்மணமிட்டு நிரந்தரத் தொழிலாளிகள், பின்னால் பெஞ்சு மேல் ஏறி நின்று கான்ட்ராக்ட் ஆட்கள், ஆளுக்கு ஒரு பிரிண்ட், செலவு கம்பெனியுடையது. எங்கள் நுரையீரலையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக அது மனமுவந்து தந்தது அந்த ஒரு காகிதம்தான், அதற்கும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிச் சந்தனப் பொட்டு வைத்த ஊர் இது. அந்த வருஷமும் அமலோற்பவம் படம் எடுத்தாள், எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள், ஒருவன் பின்னால் நின்று மேனேஜர் தலைக்கு மேல் இரண்டு விரலால் கொம்பு வைத்தான். கேமராவின் திரையில் எல்லா முகமும் இருந்தது. கம்ப்யூட்டரிலும் எல்லா முகமும் இருந்தது. மறுநாள் பிரிண்ட் வெளியே வந்தபோது ஒரு முகமும் இல்லை. மேனேஜர் முதல் கொம்பு வைத்தவன் வரை அத்தனை பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கேட்டுக்கு உள்ளே, சற்று இடதுபக்கமாக, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலோற்பவத்தை ஊரில் அமலி என்பார்கள். நர்சிங் படிக்கப் போய் பாதியில் திரும்பி, கல்யாண வீடியோக்காரர்களுக்கு லைட் பிடித்து, தொழிலை அவர்கள் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'அமலி டிஜிட்டல்' என்று போர்டு மாட்டியவள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. படம் எடுத்த கார்டை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், உடனே தனியாக ஒரு டிஸ்கிலும் ஏற்றுவாள், பிறகு உட்கார்ந்து கண் மூடியதையும் கை ஆடியதையும் கழிப்பாள், கழித்தது போக மிஞ்சியதில் வெளிச்சம் பார்ப்பாள், நிறம் பார்ப்பாள், கறுப்பாக இருப்பவர்களை வெளுக்கச் சொல்லி வீட்டார் கேட்டால் கொஞ்சம்போல வெளுத்துவிட்டு வாய்க்குள் திட்டுவாள், அளவு வெட்டுவாள், சின்னதாக ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டு வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்து, சரியென்று பட்டால்தான் பெரிய தாளைத் தொடுவாள். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போகமாட்டாள். ஆகவே முகங்கள் எங்கே திரும்பின என்பதை அவளால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. மிஷினுக்குள் வெள்ளைத் தாள் நுழைவதற்கும் அது வெளியே தலை நீட்டுவதற்கும் இடையில்.

மையை மாற்றினாள். தாளை மாற்றினாள். படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பெரிய ஊரில் இருந்த லேபில் கொடுத்து அடித்தாள், அங்கேயும் பிடரிதான் வந்தது, லேப்காரர் அவளைப் பார்த்து, "எதுக்கும்மா எல்லாரையும் பின்னாடி நின்னு எடுத்திருக்க?" என்று கேட்டார். பழைய பிரிண்ட்கள் பழையபடியே இருந்தன. ஆனால் பழைய ஃபைலைத் திரும்ப அடித்தால் அதில் இருந்தவர்களும் திரும்பிக்கொண்டார்கள், செத்துப்போனவர்கள் உள்பட.

இனி ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? நாற்பது வருஷம் தெருமுனையில் நின்று தொண்டை கிழியப் பேசியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. முதல் வாரம் சிரித்தது, இரண்டாம் வாரம் பழகியது, அதற்குப் பிறகு பிடரியில் அழகு பார்க்கத் தொடங்கியது. சலூன் வைத்திருந்த முருகானந்தம் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பின்சுவரில் மாட்டினான், பிடரியில் மூன்று விதமான வளைவு வெட்டக் கற்றுக்கொண்டான், மாப்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வளைவு வைத்திருந்தான். பெண் பார்க்கப் போட்டோ அனுப்பினால் மாப்பிள்ளை வீட்டார் ஜடையின் கனத்தையும் ஜாக்கெட்டின் கழுத்து வெட்டையும் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள், "முகத்துல என்ன இருக்கு, பொடதியில லெச்சணம் இருந்தா குடும்பம் நடக்கும்" என்று ஒரு தரகர் பேசியதை என் காதால் கேட்டேன். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அமலி ஆண்களுக்குக் கோட்டு ஒட்டிக் கொடுப்பாள், இப்போது கோட்டின் முதுகுப்பக்கத்தைத் தேடி ஒட்ட வேண்டியதாயிற்று. தாலுகா ஆபீசில் விண்ணப்பத்தில் ஒட்டிய பிடரியையும் எதிரே நின்ற ஆளையும் ஒத்துப் பார்க்க, கிளார்க்குகள் ஆளைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். மக்களும் திரும்பி நின்றார்கள். அரசாங்கத்தின் முன் திரும்பி நிற்பதற்கு இத்தனை வருஷம் நான் சொல்லிக் கேட்காதவர்கள், கிளார்க் சொன்னதும் நின்றார்கள்.

எல்லாருக்கும் முழுப் பிடரி வந்துவிடவில்லை. கோயில் வாசலில் எடுத்தவர்களுக்குக் காது வந்தது. மாதா கோயில் பக்கம் எடுத்தவர்களுக்குக் கன்னம் கொஞ்சம் தெரிந்தது. கம்பெனி மதிலுக்குக் கிழக்கே கடற்கரையில், அமலி மதிலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு ஆட்களைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால், ஆச்சரியம், முகம் முழுசாக வந்தது. இதைக் கண்டுபிடித்தது ஒரு கல்யாண வீடு. பிறகென்ன, அந்த இடத்துக்கு முகத்திட்டு என்று பேர் வைத்தார்கள், வரிசை நின்றது, வரிசைக்குப் பக்கத்தில் சுண்டல் வந்தது, ஐஸ் வந்தது, பவுடர் பூசிக்கொள்ள வாடகைக் கண்ணாடி வந்தது. அங்கே எடுத்தால் ஏன் முகம் வருகிறது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வருகிறது, அவ்வளவுதான். ரேஷனில் மண்ணெண்ணெய் வருகிற நாளில் ஏன் வருகிறது என்று கேட்காமல் கேனை எடுத்துக்கொண்டு ஓடுகிற அதே ஓட்டம்.

கேட்டவள் ஒருத்தி. சண்முகக்கனி.

அவள் புருஷன் பேச்சிமுத்து கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள், அமிலத் தொட்டிகளுக்குள் இறங்கிக் கசடு வாருகிற வேலை. பூஜைக்கு நாலைந்து நாள் முன்னால் காலை ஷிப்டுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கம்பெனியில் கேட்டால், சாயங்காலமே கைரேகை வைத்து வெளியே போய்விட்டான் என்றார்கள். அவன் சைக்கிள் ஸ்டாண்டிலேயே பூட்டி நின்றது. சைக்கிளை விட்டுவிட்டு எங்கே போவான் என்று கேட்டால், "அது நீங்கதாம்மா சொல்லணும், வீட்டுல என்ன சண்டையோ" என்றார் மேனேஜர். அந்த ஒரு வாக்கியத்தோடு ஊர் விஷயத்தை முடித்துக்கொண்டது. பேச்சிமுத்து ஓடிப்போய்விட்டான். யாரோடு ஓடினான் என்பதில் மட்டும் மூன்று கட்சி இருந்தது.

சண்முகக்கனி ஸ்டேஷனுக்குப் போனாள். காணவில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளவே அவளுக்கு நாய் படாத பாடு. எழுதியபிறகு, போட்டோ கொண்டு வா என்றார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் செல்போனில் இருந்த ஒரு படம், வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். அதை அமலி பிரிண்ட் போட்டாள். காது வந்தது. இடது காது, கொஞ்சம் தாடை.

ஏட்டய்யா அந்தப் பிரிண்டைக் குழல்விளக்கில் தூக்கிப் பிடித்தார். "காதை வச்சு நான் யாரைம்மா தேட? கடற்கரைல முகத்திட்டுல நிறுத்தி எடுத்துட்டு வா."

"ஆளு இருந்தா நான் எதுக்குய்யா உங்கிட்ட வாறேன்?"

நியாயம் அவருக்கும் பட்டது. அதனால் எந்தப் பலனும் இல்லை.

காதை வைத்தே சண்முகக்கனி போஸ்டர் அடித்து ஒட்டினாள். ஊர் அந்தக் காதைக் கடந்து கடந்து போயிற்று. ஒருநாள் அவள் என்னைத் தேடிச் சங்கத்துக்கு வந்தாள். சங்கம் என்றால் அப்போது ஒரு பெஞ்சு, ஒரு கொடி, நான். உடைந்துபோன மூன்று சங்கங்களின் செயலாளராக இருந்தவன், நாலாவதற்கும் நானே செயலாளர், நானே பொருளாளர். அவள் பெஞ்சில் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லாரும் பைத்தியக்காரின்னு சொல்லுதாவ, நீங்களும் சொல்லீராதீய. பிரிண்டுல எல்லாரும் திரும்பிக்கிடுதாவள்லா? எதைப் பாக்காவ?"

முதுகைக் காட்டுகிறார்கள் என்பதைத்தான் அதுவரை நானும் பார்த்திருந்தேன், அது ஒரு எதிர்ப்பு என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தேன், காகிதமாவது இந்த ஊரில் வேலைநிறுத்தம் செய்கிறதே என்று கூட்டத்தில் பேசியும் இருந்தேன். முதுகுக்கு அந்தப்பக்கம் ஒரு கண் இருக்கிறது, கண்ணுக்கு எதிரே ஒரு இடம் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூவரும் அமலியின் ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். நான் பழைய மாநாட்டு பேனர் ஒன்றைக் கொண்டுவந்து தலைகீழாக விரித்தேன், அதன் வெள்ளைப் பக்கத்தில் அமலி ஊரை வரைந்தாள், பஸ் நிறுத்தம், அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், உப்பளம், கடல், நடுவில் கம்பெனி மதில். அவளுக்கு ஒரு படம் எடுத்தபோது தான் எங்கே நின்றோம், சூரியன் எந்தத் தோளில் சுட்டது என்பது மறக்காது. ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படங்களை முதலிலேயே ஒதுக்கினாள், அவற்றில் ஆளை வெட்டி எடுத்து வெள்ளைப் பின்னணியில் ஒட்டியிருந்ததால் திசை செத்துப்போயிருந்தது. மற்ற ஒவ்வொரு பிரிண்டையும் எடுத்த இடத்தில், எடுத்த வாக்கில் வைத்தாள். அதில் நிற்கிறவர்களின் பார்வை போகிற பக்கமாக ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாப் படத்திலிருந்து ஒரு நூல். மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்திலிருந்து ஒரு நூல். ஒரு சடங்கு வீடு, ஒரு கடைத் திறப்பு, முகத்திட்டில் கடலை முதுகில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிய ஒரு புது ஜோடி. பேச்சிமுத்துவின் குடத்தடிப் படத்தை சண்முகக்கனி தன் கையாலேயே வைத்தாள், அவனுடைய நூலையும் அவளே பிடித்தாள்.

நூல்கள் எல்லாம் மதிலைத் தாண்டி உள்ளே போய் ஒரே இடத்தில் விழுந்தன. ஒரு விரல்நுனி மூடுகிற அளவு இடம். நான் அங்கே வேலை பார்த்தவன், எனக்கு அது எந்த இடம் என்று தெரியும். பழைய மூன்றாம் தொட்டி. கசிகிறது என்று மூடி, மேலே மண் அடித்து, அந்தப் பூஜைக்கு முன்புதான் சிமென்ட் போட்டு, காலி பீப்பாய்கள் அடுக்க ஒரு தகரக் கொட்டகை இறக்கியிருந்தார்கள்.

அமலி சிலுவை போட்டுக்கொண்டாள். சண்முகக்கனி அழவில்லை. விரலை அந்த இடத்தில் வைத்து, எடுக்காமல், "சூடா இருக்குமோ அந்த இடம்" என்றாள்.

பிறகு எழுந்தாள். "வாங்க போவோம்."

"எங்கம்மா?"

"எங்கயா? கடப்பாரை எடுத்துட்டுத்தான். சாயங்கால ஷிப்டு விடுற நேரம், கேட்டு திறந்திருக்கும். எங்க தெருவுல பொம்பளைய நாப்பது பேரு வருவாவ. உள்ள பூந்து தோண்டிட்டா யாரு என்ன செய்ய முடியும்? ஒடம்பை வெளிய கொண்டுட்டு வந்து ரோட்டுல வச்சிருவோம்."

"அப்படிச் செய்ய முடியாது" என்றேன். "முதல்ல நோட்டீஸ்."

எங்கள் இயக்கத்தில் அது மாறாத வழக்கம். எந்தப் போராட்டமானாலும் முதலில் துண்டுப் பிரசுரம், என்ன நடந்தது, என்ன கேட்கிறோம், எந்த நாள், எந்த இடம், அதை மக்கள் கையில் கொடுத்து அவர்கள் படித்த பிறகுதான் ஒரு கல்லையாவது நகர்த்துவோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் பஸ் நிறுத்தத்தில் கைக்கு வந்த துண்டுத்தாள்களில் படித்தது, உலகம் உருண்டை என்பதைக்கூட ஒரு துண்டுத்தாளில் படித்த பிறகே நம்பினேன். மக்களுக்குச் சொல்லாமல் செய்வது சதி. சொல்லிவிட்டுச் செய்வதுதான் போராட்டம். அன்றைக்கு அதைத்தான் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"அவனுவளும் படிப்பானுவள்லா, அண்ணாச்சி?" என்றாள் சண்முகக்கனி.

"படிக்கட்டும். பயப்படட்டும். ஊரே பார்க்கிற இடத்துல அவன் என்ன செய்துட முடியும்?"

அவள் அமலியைப் பார்த்தாள். அமலி என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள், எனக்கு வயதும் கொடியும் இருந்தது.

பிரசுரத்தை நானே எழுதினேன். 'உங்கள் முகம் எங்கே பார்க்கிறது?' என்று தலைப்பு. அமலி பேனர் வரைபடத்தைப் படம் எடுத்து, நூல்கள் தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டி, தேவையில்லாத ஓரத்தை வெட்டி, அச்சகத்துக்கு அனுப்பினாள். அவள் கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை நான் பார்த்ததில்லை, மூன்றாம் தொட்டியைக் கண்ணில்லாதவன்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். திங்கட்கிழமை காலை கம்பெனி முற்றுகை, தோண்டும்வரை கலையமாட்டோம் என்று போட்டோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் நிறுத்தத்திலும் சந்தையிலும் கேட்டிலும் கொடுத்தோம். ஊர் அதை வாங்கியது, படித்தது, முதல்முறையாக வாய் மூடியது. அன்று முகத்திட்டில் வரிசை இல்லை. சுண்டல்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் தங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த பிடரிகளைப் போய்ப் பார்த்துவிட்டு, அவை பார்த்த பக்கம் தாங்களும் பார்த்து நின்றார்கள். கடைவீதியில் என் தோளைத் தொட்டு, "வாறோம் அண்ணாச்சி" என்று சொன்னவர்களை எண்ணி மாளவில்லை. வாழ்நாளில் நான் எழுதியதிலேயே வேலை செய்த பிரசுரம் அது ஒன்றுதான்.

வேலை செய்தது. எல்லாரிடமும் வேலை செய்தது.

சனிக்கிழமை பகல் முழுக்கக் கம்பெனிக்குள் ஜேசிபி சத்தம் கேட்டது. கேட்டால், மழைத்தண்ணீர் வடிகால் என்றார்கள். மூடிய லாரிகள் போயின, வந்தன. நான் கேட்டுக்கு முன்னால் நின்று கோஷம் போட்டேன், என்னோடு ஒரு டீக்கடைக்காரரும் நின்றார், மற்றவர்கள் நோட்டீசில் திங்கட்கிழமை என்று போட்டிருந்ததால் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வருவது என்பதை இந்த ஊருக்குப் பழக்கியவனும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் ஒரு ஞானஸ்நான வீட்டாரை அமலி படம் எடுத்தாள். வழக்கம்போல ஏற்றினாள், கழித்தாள், நிறம் பார்த்தாள், சோதனைப் பிரிண்ட் போட்டாள். அந்தச் சின்னத் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள், மை காயவில்லை. பிள்ளை, தாய், தகப்பன், ஞானத்தாய், சாமியார், எல்லாரும் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொகம் வந்துட்டு" என்றாள் அமலி.

மூன்றாம் தொட்டியில் பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபிறகு நான் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினேன், எங்கே என்று தெரியவில்லை, வாசலோடு நின்றுவிட்டேன். அதற்குள் ஞானஸ்நான வீட்டார் மூலம் சேதி ஊருக்குள் போய்விட்டது. முதலில் ஒரு வெடி. பிறகு சரவெடி. பொங்கலுக்குக்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தெருவில் ஆட்கள் ஒருவரையொருவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டார்கள், முருகானந்தம் கண்ணாடியைத் திரும்ப முன்சுவருக்கு மாற்றினான், யாரோ ஒரு புண்ணியவான் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான், யார் என்று பிறகுதான் தெரிந்தது, கம்பெனி கேன்டீன்.

சண்முகக்கனி வெடிச்சத்தம் கேட்டு வெளியே வந்து, எதற்கு வெடி என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறார்கள். அவள் வாசல்படியில் உட்கார்ந்தவள், வெடி அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை முற்றுகை நடந்தது. பிரசுரத்தில் போட்டதை நடத்தாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. வந்தவர்கள் கொஞ்சம்தான், வந்தவர்களும் சட்டையை இஸ்திரி போட்டு, தலை சீவி, போட்டோ எடுத்தால் நல்லா விழவேண்டும் என்ற நினைப்போடு வந்திருந்தார்கள். மேனேஜர் கேட்டைத் தானே திறந்துவிட்டார். வாருங்கள், தோண்டுங்கள், மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்றார். தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொட்டகை அங்கே இல்லை. சிமென்ட் இல்லை. தோண்டத் தோண்டச் சுத்தமான ஆற்று மணல் வந்தது, சலித்த மணல், ஒரு கிளிஞ்சல்கூட இல்லாத மணல். கடற்கரை ஊரில், கம்பெனிக்குள், ஆற்று மணல். அதைச் சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் என்றார் தாசில்தார், குறித்துக்கொள்ளவில்லை.

"தோண்டியாச்சு, பாத்தாச்சு. இனியும் வதந்தி கிளப்பினா கேசு போடும்படி ஆயிரும் பெரியவரே" என்றார் எழுந்துகொண்டே.

சண்முகக்கனி குழியின் ஓரத்தில் நின்றாள். எல்லாரும் கலைந்தபிறகு என் பக்கம் வந்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் பதில் இருந்தது. அவள் தாழ்ந்த குரலில், எதையோ கடையில் மறந்து வைத்துவிட்டு வந்தவள்போலச் சொன்னாள்.

"அன்னைக்கு வாங்கன்னு சொன்னேம்லா, அண்ணாச்சி. கேட்டு திறந்துதான் இருந்துச்சு."

என்னிடம் இருந்த பதிலை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு நல்ல காலம். எல்லா விண்ணப்பத்துக்கும் முகம் உள்ள படம் வேண்டும், பிடரி செல்லாது என்று தாலுகா ஆபீசில் உத்தரவு வந்தது. பிடரியோடு மாட்டிய கல்யாணப் படங்களை எல்லாம் திரும்ப அடிக்க வேண்டும் என்று அமலியின் கடையில் காலை முதல் வரிசை. அவளுக்கு வாழ்க்கையிலேயே அப்படி வேலை வந்ததில்லை, அவள் முகம் மட்டும் வேலை வந்தவளின் முகமாக இல்லை. பிரிண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தன. பூஜைக் குரூப் படத்தையும் கம்பெனி திரும்ப அடிக்கச் சொன்னது, அதில் மேனேஜர் தலைக்கு மேல் கொம்பு இருப்பதைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் தன் கணக்கு தீர்ந்ததாக நினைத்தது.

அந்த வரிசையில் ஒருநாள் சண்முகக்கனியும் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன், வேறு போக்கிடம் இல்லாததால் அமலியின் கடையில் உட்காருவது வழக்கமாகியிருந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகைக்கு அவள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. செத்தான் என்று சொல்ல உடம்பு இல்லை, ஆகையால் விட்டுவிட்டு ஓடினான் என்று அவளே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அவள் கூச்சப்படும் நிலையைத் தாண்டியிருந்தாள்.

அமலி அவளை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தாள். திரையில் அவள் நேராகப் பார்த்தாள். பிரிண்டில் காது வந்தது.

அமலி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்ப எடுத்தாள். திரும்பவும் காது. வலது காது, ஒரு கற்றை முடி, தோடு இல்லாத துளை. ஊரில் எல்லாருக்கும் முகம் வந்துகொண்டிருந்தது, அவள் ஒருத்தி மட்டும் திரும்பிக்கொண்டாள். ஆனால் கம்பெனிப் பக்கம் இல்லை. வேறு பக்கம்.

"எந்தப் பக்கம்?" என்றாள் சண்முகக்கனி. பிரிண்டை அவள் பார்க்கக்கூட இல்லை, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அமலி வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உப்பளத்து வரப்பில் சண்முகக்கனியை நிறுத்தி ஒரு படம். பழைய பாலத்தடியில் ஒரு படம். படகுத்துறையில் ஒரு படம். அவளுடைய ஒழுங்கு அந்த அவசரத்திலும் குலையவில்லை, ஏற்றினாள், டிஸ்கிலும் ஏற்றினாள், நிறம் பார்த்தாள், அடித்தாள். பேனரை விரித்தோம். ஸ்டுடியோவில் எடுத்து, இன்னும் பின்னணி வெட்டி ஒட்டாமல் வைத்திருந்ததையும் சேர்த்து நாலு பிரிண்ட், நாலு நூல். கடப்பாரை இந்தத் தடவை சண்முகக்கனியின் வீட்டு வாசலிலேயே தயாராக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

முதல் நூல் உப்பளங்களைக் கடந்து தெற்கே போயிற்று. இரண்டாவது கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயிற்று. மூன்றாவது வடக்கே, சவுக்குத் தோப்புக்கு அப்பால், குப்பை மேட்டைத் தொட்டுக்கொண்டு போயிற்று. நாலாவதும் கடலுக்குத்தான், ஆனால் வேறு கடலுக்குப் போவதுபோல வேறு பக்கமாக. அமலி நூல்களை மறுபடி மறுபடி இழுத்துப் பிடித்தாள், நின்ற இடத்தைத் தப்பாகக் குறித்துவிட்டோமோ என்று அழித்து வரைந்தாள், நானும் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தேன். எந்த இரண்டும் சந்திக்கவில்லை.

அமலி நூலை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே எடத்துல இல்ல. அப்படித்தானம்மா?" என்றாள் சண்முகக்கனி.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். எனக்குள் சொற்கள் வரிசையாக வந்து நின்றன, தலைப்புகூட வந்துவிட்டது, லாரிகள் போன பாதை, ஆற்று மணல், நாலு திசை, இதைவிடப் பெரிய சாட்சி ஏது, மாவட்டம் முழுக்கக் கொடுக்கலாம், தலைநகர் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

"அண்ணாச்சி" என்றாள் அவள். என்னைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "இதுக்கு நோட்டீஸ் அடிச்சிராதீய. மிச்சம் இருக்கது இருக்க எடத்துல இருக்கட்டும்."

விண்ணப்பத்தை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டாள். படகுத்துறைப் பிரிண்டை மட்டும் எடுத்து, முந்தானையால் ஓரத்தைத் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது, வெயில் ஏறியிருந்தது, யாரோ தன் பழைய கல்யாணப் படத்தில் இருந்த மீசையைப் பற்றி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளைக் கடக்கவிட்டபடியே அத்தனை பேரும் குனிந்து, அவரவர் கையில் இருந்த அவரவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.